விவாத மேடையும் அதன் பின்னால் நின்ற ஆசிரியர்களும்: ஊவா மலையகத்தை முன்னிறுத்தி ஒரு வரலாற்று நோக்கு

நூற்றாண்டு மலர்களில் இன்னின்னவை இடம்பெற வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. அதிபர்களின் வரிசை, கட்டடங்கள் எழுந்த ஆண்டுகள், பரீட்சைப் பெறுபேறுகள், விளையாட்டு வெற்றிகள், பல்கலைக்கழகம் புகுந்தோரின் விபரம் ஆகியன தவறாமல் வரும். மேடைப் பேச்சிலும் விவாதத்திலும் பெற்ற கேடயங்களும் கணக்கில் சேரும். கேடயத்தில் பாடசாலையின் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். பாடசாலை விட்ட பின் அந்த அணியை இருத்திவைத்துப் பழக்கிய ஆசிரியையின் பெயர் இராது. "பொறுப்பாசிரியர்" என்ற ஒரே சொல்லில் அவருடைய பணி அடங்கிவிடும். அவர் இடமாற்றம் பெற்றுச் சென்றால், அடுத்த ஆண்டின் கேடயமும் பெரும்பாலும் அவரோடு போய்விடும்.

பசறையில் படித்த நாம் இதைப் பல தலைமுறைகளாகக் கண்டிருக்கிறோம். சில ஆண்டுகள் எமது பிள்ளைகள் மேடையில் ஓங்கி நிற்பர். பின்னர் பல ஆண்டுகளுக்கு ஓர் அணியை அமைப்பதே பெரும்பாடாக இருக்கும். பிள்ளைகளின் திறமை ஆண்டுக்கு ஆண்டு இப்படி ஏறி இறங்குவதில்லை. பழக்குவோர் இருந்தனரா, அவர்களுக்குத் துணை இருந்ததா என்பதே இதில் உண்மையான வேறுபாடு. மாணவர்களுக்கு மன்றம் உண்டு, போட்டி உண்டு, பரிசும் உண்டு. விவாதம் பழக்கும் ஆசிரியர்கள் ஒன்றுகூடுவதற்கோ ஊவாவில் நிலையான ஓர் அமைப்பு தேவை. இத்தேவை எவ்வாறு உண்டாயிற்று, பிறர் அதை எவ்வாறு நிறைவுசெய்தனர் என்பதை வரலாற்றின் வழியே பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய வாதங்கள்

தமிழில் விவாதம் புதிய கலை அன்று. பட்டிமண்டபம் என்ற சொல்லை மணிமேகலையிலேயே காண்கிறோம். வஞ்சி மாநகரில் மணிமேகலை பல சமயத்தாரையும் அணுகி அவரவர் கொள்கையைக் கேட்டறிவது அந்நூலில் ஒரு தனிக் காதையாகவே அமைந்துள்ளது. ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசியின் தலைவி வாதம் புரியும் துறவி. பௌத்த மரபுக் கதையின்படி அவள் ஊர் ஊராகச் சென்று, மணலைக் குவித்து அதில் நாவற் கிளை ஒன்றை நட்டுவைப்பாள். அக்கிளையை மிதிப்பவர் அவளோடு வாதுக்கு இசைந்தவராவார். இறுதியில் சாரிபுத்த தேரரிடம் தோற்றுப் பௌத்தம் தழுவினாள் என்பது கதை. அக்காப்பியத்துக்கு மறுப்பாகச் சமணர் இயற்றிய நீலகேசியிலும் வாதிடும் தலைவி பெண்ணே. பெண்பிள்ளைக்கு வாதம் எதற்கு என்று கேட்போருக்கு எமது இலக்கியம் தந்துள்ள பதில் இது.

அக்கதையில் பலரும் கவனியாத ஒரு செய்தியும் உண்டு. குண்டலகேசி முதலில் சமணத் துறவியரிடம் சேர்ந்து அவர்களுடைய தர்க்கத்தைக் கற்ற பின்னரே வாதத்துக்குப் புறப்பட்டாள். அவளுக்கும் ஆசிரியர் இருந்தனர். அவர்களை எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

இலங்கையில் நடந்த வாதங்களுள் பெயர்பெற்றது 1873 ஆகஸ்ட் மாதம் பாணந்துறையில் நடைபெற்ற பௌத்த–கிறிஸ்தவ வாதம். மீகெட்டுவத்தே குணானந்த தேரர் ஒரு பக்கத்திலும் டேவிட் டி சில்வா பாதிரியார் மறுபக்கத்திலும் நின்று பேசினர். இவ்வாதம் திடீரென நடந்ததன்று. 1865இல் பத்தேகமவிலும், 1866இல் உதன்விட்டவிலும், 1871இல் கம்பளையிலும் இதற்கு முன்னோடியான வாதங்கள் நடந்தன. எட்டு ஆண்டுப் பழக்கமும், இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட நேர ஒழுங்கும் விதிகளும் அதற்குப் பின்புலமாக இருந்தன. ஆயிரக்கணக்கானோர் கூடிய இடத்தில் எதிரெதிர்க் கருத்துக்களைப் பேசி முடிக்க முடிந்ததற்கு இந்த ஒழுங்கு பெரிதும் உதவியது. பாணந்துறை வாதத்தின் செய்தி ஆங்கிலத்தில் அச்சாகிக் கடல் கடந்து சென்றது. கேர்ணல் ஒல்கொட் 1880இல் இலங்கைக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

லயத்துப் பிள்ளையும் பேச்சும்

பாணந்துறையில் வாதம் நடந்த காலத்தில் ஊவா மலைகளில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. பின்னர் அவை தேயிலையாக மாறின. அங்கு கொண்டுவரப்பட்ட எமது முன்னோருக்குப் பேச்சு என்பது பெரும்பாலும் கேட்டுக்கொள்ளும் காரியமாகவே இருந்தது. துரை சொல்வார், கணக்கப்பிள்ளை சொல்வார், கங்காணி சொல்வார். பதில் சொல்வது துடுக்குத்தனமாகக் கொள்ளப்பட்டது.

1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், 6 முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின் மேல் வைத்தது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் அப்பொறுப்பை வலியுறுத்தியது. சட்டம் எழுதப்பட்ட அளவுக்குப் பாடசாலைகள் எழவில்லை. எழுந்தவற்றிலும் பெரும்பாலானவை ஓர் அறை, ஓர் ஆசிரியர் என்ற அளவில் நின்றன. எழுத்தும் எண்ணும் கற்பதே அரிதாக இருந்த அவ்விடங்களில் எதிர்க்கருத்தை எடுத்துரைக்கும் பயிற்சிக்கு இடமிருக்கவில்லை.

எனினும் பேச்சு வேறு வழியால் தோட்டங்களுக்குள் வந்தது. 1920களிலும் 1930களிலும் கோ. நடேசய்யரும் அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையும் தொழிலாளர் மத்தியில் மேடையேறினர். நடேசய்யர் பேசுவார். மீனாட்சியம்மை தாமே இயற்றிய பாடல்களைப் பாடி, தொழிலாளரின் நிலையை எடுத்துரைப்பார். அவருடைய பாடல்கள் 1940இல் நூலாகவும் வெளிவந்தன. மலையகப் பெண்கள் ஒரு பெண்ணை அரசியல் மேடையில் கண்டதில் அவருக்கு முன்னிடம் உண்டு.

டொனமூர் ஆணைக்குழுவின் முன் நடந்த ஒரு விசாரணையையும் இங்கு சொல்லவேண்டும். 1927 டிசம்பரில் தோன்றிய பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் சார்பில் ஆக்னெஸ் டி சில்வாவும் பிறரும் சாட்சியமளித்தனர். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமென்று கேட்கிறீர்களா என்று அவர்களிடம் வினவப்பட்டது. நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தாமே, எல்லாப் பெண்களுக்கும் கேட்கிறோம் என்ற கருத்துப்படத் தாம் விடையளித்ததாக ஆக்னெஸ் டி சில்வா பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். கேள்வி வந்த கணத்திலேயே கொள்கை வழுவாது விடை சொல்ல முடிந்தது. விவாத மேடை பழக்குவதும் இந்தத் திறனைத்தான். அதேவேளை, அந்தக் கேள்வி எமது பாட்டிமாரைப் பற்றியதாக இருந்தும் அவர்களிடம் கேட்கப்படவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. தோட்ட மக்களுள் ஒரு பகுதியினர் குடியிருப்பு நிபந்தனைகளுக்கு உட்பட்டு அதைப் பெற்றனர். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் உறுப்பினர் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். பதுளையிலிருந்து எஸ்.எம். சுப்பையா தெரிவானார். அடுத்த ஆண்டிலேயே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படவும் 3,00,000 பேர் இலங்கைப் பிரசைகளாக ஏற்கப்படவும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி 1974 வரை தள்ளிவைக்கப்பட்டது. இந்த மக்களைப் பற்றிய பெரும் தீர்மானங்கள் யாவும் அவர்கள் வாய்திறக்க முடியாத அறைகளில் எடுக்கப்பட்டன. மலையகப் பாடசாலையில் விவாதம் ஒரு பொழுதுபோக்காக மட்டும் இருக்க முடியாமைக்கு இதுவே காரணம்.

அட்டனில் தோன்றிய வழி

இக்காலத்தில் மலையகத்துக்கு ஒரு பாதையைக் காட்டியது அட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரி. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் அங்கு கற்பித்த இர. சிவலிங்கம், திருச்செந்தூரன் போன்ற ஆசிரியர்கள் பாடப்புத்தகத்தோடு நின்றுவிடாது மாணவரைப் பேசவும் எழுதவும் தூண்டினர். மலையக எழுத்தாளர், ஆசிரியர், சமூகப் பணியாளர் எனப் பின்னர் அறியப்பட்ட பலர் அந்தச் சூழலில் உருவானவர்கள். ஒரு பாடசாலையில் ஒத்த எண்ணமுடைய ஆசிரியர் ஒருவருக்கு மேற்பட்டோர் சேர்ந்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சான்று.

அட்டனில் வாய்த்த சேர்க்கை பசறைக்கோ லுணுகலைக்கோ மடுல்சீமைக்கோ எளிதில் வாய்க்கவில்லை. பதுளையிலிருந்து பசறை வழியாக லுணுகலை, பிபிலை கடந்து செங்கலடிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பஸ் ஓடினாலும், பிரிந்து செல்லும் தோட்டப் பாதைகளில் நடைதான் துணை. ஆசிரியர் தனித்தனியாகவே பணியாற்றினர். 1964 ஒப்பந்தத்தின் பின் அணியில் இருந்த பிள்ளைகளும் குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறினர். பழக்கியவரும் பழகியவரும் ஓரிடத்தில் நிலைக்க முடியாத காலம் அது.

1972, 1975 ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னர், 1977 முதல் தோட்டப் பாடசாலைகள் கட்டங்கட்டமாக அரசின் கீழ் வந்தன. 1980களில் சுவீடனின் சீடா நிறுவனத்தின் கல்வி உதவி பதுளை மாவட்டத்துக்கும் வந்தது. ஜெர்மனியின் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. தோட்டத்தில் பிறந்தோரே ஆசிரியராகித் தோட்டப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நிலை உருவானது. இது பெரிய மாற்றம். ஆனால் அண்மைக்காலத்தில், 2015ஐ ஒட்டி, பெருந்தோட்டப் பாடசாலைகளுக்குச் சேர்க்கப்பட்ட ஆசிரிய உதவியாளர் சுமார் 3,000 பேர் முதலில் மாதம் 6,000 ரூபா கொடுப்பனவில் கடமையாற்றினர் என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும். பஸ் செலவுக்கே அத்தொகை போதாது. அந்த நிலையில் ஒருவர் மாலையில் நின்று விவாதம் பழக்கினால் அது அவருடைய பெருந்தன்மை. ஒரு மாகாணத்தின் விவாதக் கலையைத் தனிமனிதரின் பெருந்தன்மையை மட்டும் நம்பி நடத்த முடியாது.

ஆண்டுக்கொரு போட்டி

இன்று மாணவர் மேடையேற வாய்ப்பளிக்கும் பெரிய நிகழ்வு கல்வி அமைச்சு நடத்தும் தமிழ் மொழித் தினப் போட்டிகளே. பாடசாலை, வலயம், மாகாணம், அகில இலங்கை எனப் படிப்படியாக அவை நடைபெறுகின்றன. பேச்சு, ஆக்கம், கவிதை, நாடகம், விவாதம் எனப் பலவற்றில் எமது பிள்ளைகள் பங்குபற்றி வருகிறார்கள். இப்போட்டிகள் இல்லையெனில் மலைநாட்டின் பல பிள்ளைகள் தம் ஊருக்கு வெளியே ஒரு மேடையைக் கண்டிருக்கவே மாட்டார்கள்.

ஆயினும் போட்டி என்பது அறுவடை. உழவும் நடவும் வேறு இடத்தில் நடக்கவேண்டும். ஆண்டுக்கொருமுறை வலய மட்டத்தில் சந்திக்கும் பொறுப்பாசிரியர்கள் எதிரணிகளைக் கொண்டுவந்தவர்களாகவே சந்திக்கிறார்கள். முடிவு அறிவிக்கப்பட்டதும், பிள்ளைகளை இருட்டுமுன் வீடு சேர்க்கவேண்டுமே என்று பஸ் தரிப்பிடத்துக்கு விரைகிறார்கள். தோற்ற அணி எங்கே பிழைத்தது என்பதை நடுவரிடம் கேட்டறிய நேரமில்லை. வென்ற அணியின் ஆசிரியர் எப்படிப் பழக்கினார் என்று மற்றவர் கேட்டுக்கொள்ளவும் இடமில்லை. தேசிய பாடசாலைகள் மத்திய அமைச்சின் கீழும் ஏனையவை 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தின் வழி மாகாண சபையின் கீழும் இருப்பதால், அருகருகே உள்ள இரு பாடசாலைகளின் ஆசிரியர்கள்கூட நிருவாக வழியில் சந்திக்கும் வாய்ப்புக் குறைவு. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பெரிய கல்லூரிகளின் பழைய மாணவர்கள் திரும்பி வந்து அணிகளைப் பழக்குகிறார்கள். எமது பழைய மாணவியரோ வேலைக்கும் திருமணத்துக்கும் மலையை விட்டு இறங்கியவர்கள்.

பிறர் செய்தவை

இதே நிலையில் இருந்த வேறு சிலர் என்ன செய்தனர் என்று பார்ப்போம்.

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் 1910இல் உயர்நிலைப் பாடசாலைகளின் விவாதச் சங்கம் ஒன்று மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆதரவில் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் அங்கும் பல பாடசாலைகள் தூரத்துக் கிராமங்களில் இருந்தன, நூலகம் கிடையாது. பல்கலைக்கழகம் ஒரு விடயத்தைப் பற்றிய பத்திரிகை நறுக்குகளையும் சிறு பிரசுரங்களையும் பொதியாகக் கட்டித் தபாலில் இரவலாக அனுப்பியது. கிராமத்து ஆசிரியருக்கும் நகரத்து ஆசிரியருக்கும் ஒரே ஆதாரங்கள் கிடைக்க அது வழிசெய்தது.

1925இல் விஸ்கொன்சின் மாநிலத்தின் ரிப்பன் கல்லூரியைச் சேர்ந்த புரூனோ ஜேக்கப் என்பவர் தேசிய அளவில் ஒரு சங்கத்தை நிறுவினார். பாடசாலை விவாத மாணவர்களைக் கௌரவிக்க ஏதாவது அமைப்பு உண்டா என்று ஓர் ஆசிரியர் எழுதிக் கேட்ட கடிதமே அதற்குத் தூண்டுதல். மாணவர் மேடையில் பெறும் புள்ளிகளில் ஒரு பங்கு அவர்களைப் பழக்கிய ஆசிரியரின் கணக்கிலும் சேரும் என்ற ஏற்பாட்டை அச்சங்கம் செய்தது. பல ஆண்டுகள் உழைத்த பயிற்றுநர்களுக்குத் தனி விருதுகளும் ஏற்பட்டன. மாவட்டம் மாவட்டமாக ஆசிரியர் குழுக்கள் அமைந்தன. அச்சங்கம் பெயர் மாறி இன்றும் இயங்குகிறது.

எமது நிலைக்கு மிக நெருங்கிய உதாரணம் 1985இல் அட்லாண்டாவில் தொடங்கிய நகர விவாத இயக்கம். எமொரி பல்கலைக்கழகத்தின் மெலிசா வேட், வசதி குறைந்த அரசுப் பாடசாலைகளின் ஆசிரியர்களோடு இணைந்து அதை ஆரம்பித்தார். விவாதம் வசதியுள்ள பாடசாலைகளின் கலையாகச் சுருங்கிவிட்டது என்பதே அவர்களின் கவலை. ஆகவே ஆசிரியருக்குப் பயிற்சி, பல்கலைக்கழக மாணவரின் துணை, ஆண்டு முழுவதும் நடக்கும் சிறு போட்டிகள் என்ற ஒழுங்கில் அதை வளர்த்தனர். பின்னர் நியூயோர்க், சிக்காகோ முதலிய நகரங்களுக்கும் அது பரவியது.

எமது நாட்டிலும் இதற்கு ஒப்பான ஓர் அனுபவம் உண்டு. 1980இல் யாழ்ப்பாணத்தில் கம்பவாரிதி இ. ஜெயராஜும் நண்பர்களும் தொடங்கிய கம்பன் கழகம் பட்டிமண்டபம், வழக்காடு மன்றம் போன்ற அரங்குகளில் இளம் பேச்சாளர் பலரை உருவாக்கியது. போர் காரணமாக 1995இல் அது கொழும்புக்கு இடம்பெயர வேண்டியிருந்தும் அழிந்துவிடவில்லை. ஒரு பாடசாலையிலோ ஓர் ஆசிரியரிடமோ மட்டும் தங்கியிராத அமைப்பாக இருந்தமையால் இடம்பெயர்வைத் தாங்க முடிந்தது. பட்டிமண்டபமும் பாடசாலை விவாதமும் ஒன்றல்ல. முன்னதில் நடுவரே நாயகர், சுவை முதன்மை. பின்னதில் நேரம், ஆதாரம், மறுப்பு, தொகுப்புரை என்ற ஒழுங்கே முதன்மை. ஆனால் அமைப்பு ஆட்களைவிட நீண்ட ஆயுள் கொண்டது என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

ஊவாவுக்கு வேண்டியது

வைத்தியசாலைகளில் கடமையாற்றும் எம்மைப் போன்றோர் இன்றும் ஒன்றைக் காண்கிறோம். தோட்டத்திலிருந்து வரும் பெண் தன் நோவைத் தானே சொல்லத் தயங்குகிறார். கணவர் சொல்கிறார், இல்லையேல் சிங்களம் தெரிந்த பிள்ளை சொல்கிறது. எப்போது தொடங்கியது, எவ்வளவு வலிக்கிறது, எது வேண்டும், எது வேண்டாம் என்பதைத் தன் வாயால் ஒழுங்காகச் சொல்வது உயிர் காக்கும் திறன். பாடசாலை மண்டபத்தில் மூன்று நிமிடம் எழுந்து நின்று தன் கருத்தைச் சொல்லி, மறுப்பைக் கேட்டு, மீண்டும் நிதானமாகப் பேசப் பழகிய பெண்பிள்ளை அத்திறனை வாழ்நாள் முழுவதும் தன்னோடு கொண்டுபோகிறாள்.

ஆகவே பசறை, பதுளை, பண்டாரவளை முதலிய வலயங்களிலும் மொனராகலை மாவட்டத்திலும் உள்ள தமிழ்மொழிப் பாடசாலைகளின் விவாதப் பொறுப்பாசிரியர்களுக்கு ஒரு சங்கம் அமைவது நலம். அது பெரிதாக இருக்கவேண்டியதில்லை. பாடசாலைக்கு ஓர் ஆசிரியர், தவணைக்கு ஒரு சந்திப்பு. பேசப்பட்ட தலைப்புகளையும் இரு பக்க ஆதாரங்களையும் எழுதிச் சேர்த்த பொதுக் குறிப்பேடு ஒன்று. தோற்ற அணிக்கும் குறை நிறைகளை எழுதிக் கொடுக்கும் நடுவர் படிவம் ஒன்று. இடமாற்றம் பெறும் ஆசிரியர் தம் குறிப்புகளை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் வழக்கம். தோட்டப் பாடசாலையின் இளம் ஆசிரியர் நகரத்து மூத்த ஆசிரியரோடு ஒரே மேசையில் இருந்து பழகும் வாய்ப்பு. போட்டிகளை அமைச்சும் வலயமும் நடத்தட்டும். இச்சங்கம் பழக்குவோருக்கானது.

இதில் பழைய மாணவியருக்கும் இடமுண்டு. மட்டக்களப்பிலும் கொழும்பிலும் லண்டனிலும் ரொறொன்ரோவிலும் வாழும் எம்மில் சட்டத்தரணிகள், விரிவுரையாளர்கள், தாதியர், கணக்காளர்கள் உள்ளனர். ஒரு தலைப்புக்கு நம்பத்தகுந்த தகவல் திரட்டித் தரவும், விடுமுறைக்கு வரும்போது நடுவராக அமரவும் அவர்களால் முடியும். பொறுப்பாசிரியருக்கும் பிள்ளைகளுக்கும் போக்குவரத்துச் செலவு கிடைத்து, கடைசி பஸ்சுக்கு முன் நிகழ்ச்சி முடியுமானால், தங்கள் மகளை அனுப்பத் தயங்கும் பெற்றோரும் அனுப்புவர். முதற் கூட்டத்துக்கு வேண்டியவை பதுளையில் ஒரு சனிக்கிழமை, ஒரு வகுப்பறை, ஒரு கரும்பலகை, வர விரும்பும் பத்து ஆசிரியர்கள், அவர்களுக்கு மதிய உணவு. இவ்வளவையும் எமது சங்கத்தால் ஏற்பாடு செய்ய முடியும்.